நம் துப்பாக்கி மட்டும் புல்லாங்குழலா?

சேவூரில் என் பால்ய நண்பர் ஒருவர் இருக்கிறார். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டராகி, இன்று வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பன்னிரண்டு மெஷின் ஓட்டுகிறவர். நியாயஸ்தர். சனிக்கிழமை ஆனால் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல் சம்பளம் எண்ணிக் கொடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் சண்டை போட்டுவிட்டேன். சண்டைக்குக் காரணம் சொத்தோ, அரசியலோ, ஜாதியோ அல்ல. ஒரு வீடியோ விளையாட்டு.

நான் உள்ளே நுழையும்போதே அவர் முகத்தில் முப்பது வருஷம் குறைந்திருந்தது.

"வா மாப்ளை, சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே. என்ன வாங்கியிருக்கேன் பாரு!"

டெலிவிஷனில் பார்த்தேன். காண்ட்ரா!

நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொனாமி என்ற ஜப்பான் கம்பெனி 1987-ல் செய்த துப்பாக்கி விளையாட்டு அது. காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியில் முதலில் வந்தது. மறு வருஷம், வீட்டு டெலிவிஷனோடு இணைத்து ஆடும் நின்டெண்டோ பெட்டிக்கு வந்தது. எங்கள் ஊருக்கு அசல் பெட்டி வரவில்லை. அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள்தாம் வந்தன. 'ஒன்றில் 9999 ஆட்டம்' என்று மேலே அச்சடித்த மஞ்சள் கேசட்டுகள் கூடவே வந்தன. பத்துப் பதினைந்து ஆட்டங்களை வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப அடுக்கி ஒன்பதாயிரமாக்கிய மோசடி அது. ஆனால் அந்தப் பட்டியலின் தலைமாட்டில் காண்ட்ரா இருக்கும். ஆகையால் மோசடியை மன்னித்தோம். கொனாமி தன் பழைய காண்ட்ராக்களில் பத்தை ஒரே கட்டாகக் கட்டி 2019 ஜூன் மாதம் மறுபடி வெளியிட்டது. அதைத்தான் நண்பர் பணம் கொடுத்து வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டெலிவிஷனோடு இணைத்து, இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சந்தோஷமான சமாசாரம். நானும் மகிழ்ச்சியோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் மூலையில் அவருடைய பையன், ஒன்பதாவது படிக்கிறவன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய போன் பீரோவின் மேல் சிறை வைக்கப்பட்டிருந்தது. என்ன குற்றம் செய்தான்? போனில் பாட்டில்கிரவுண்ட்ஸ் ஆடினானாம். அதுவும் ஒரு துப்பாக்கி விளையாட்டு.

"எந்நேரமும் துப்பாக்கி, கொலை, ரத்தம்! இன்னொரு தடவை கையில் பார்த்தேன்னா போனைக் கிணத்துல கெடாசிருவேன்" என்று சொல்லிக்கொண்டே, நண்பர் திரையில் நாலு பேரைச் சுட்டுத் தள்ளினார்.

பையன் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்களே சொல்லுங்க. இதுலயும் சுடறதுதானுங்களே?"

"டேய், அது வேற, இது வேற. எங்க காலத்து ஆட்டம் சூதுவாது இல்லாத ஆட்டம்" என்றார் தகப்பனார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"எப்படி வேறே?" என்று நான் கேட்டேன். சண்டை அங்கேதான் ஆரம்பமாயிற்று. அன்று அவரிடம் சொல்லி முடிக்க முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் ஒருவருக்காக அல்ல. 'அந்தக் காலம் போல் வருமா!' என்று பெருமூச்சு விட்டபடியே மகனுடைய காதைத் திருகுகிற என் தலைமுறைத் தகப்பன்மார்கள் எல்லோருக்காகவும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

மறுபடி வெளிவந்த ஆட்டத்தைச் சற்றுக் கண் திறந்து பாருங்கள். சூதுவாது இல்லையாம்! சட்டையில்லாத இரண்டு தடியர்கள் ஒரு காட்டில் குதிக்கிறார்கள். எதிரே மனிதர்கள் ஓடி வருகிறார்கள். பலர் சுடுவதுகூட இல்லை, ஓடித்தான் வருகிறார்கள். ஏன் வருகிறார்கள், யார் பெற்ற பிள்ளைகள், ஒன்றும் தெரியாது. எங்கள் கேசட்டில் கதை என்று ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை. சுடு, செத்தான், அடுத்தவன். எஸ் என்ற எழுத்தைப் பிடித்தால் குண்டு ஐந்தாய்ப் பிரிந்து பாயும். அதைப் பிடிப்பது நீயா நானா என்று பக்கத்தில் இருந்தவனைத் திட்டிய திட்டுக்களை இந்தப் புத்தகத்தில் அச்சிட முடியாது. எட்டுக் கட்டங்களைத் தாண்டிக் கடைசியில் போனால் அங்கே ஓர் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஆமாம், இதயம்! வேற்றுக் கிரகத்துப் பிராணியின் இதயமாம். அது சிதறும் வரை சுட வேண்டும். சிதறியதும் தீவே வெடிக்கும். ஹெலிகாப்டர் ஒன்று பறந்து போகும். நாங்கள் கை தட்டுவோம். சூதுவாது இல்லாத ஆட்டத்தின் சுப முடிவு இது!

பெயரைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். இந்த ஆட்டம் பிறந்த 1987-ல் 'காண்ட்ரா' என்ற சொல் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டது. நிகராகுவா என்ற சின்னஞ்சிறு தேசத்தில், அங்கிருந்த சாண்டினிஸ்டா அரசாங்கத்தைக் கவிழ்க்க அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொடுத்து வளர்த்த படைக்குக் காண்ட்ரா என்று பெயர். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை இந்தப் படைக்குத் திருப்பிவிட்ட குட்டு உடைந்தது முந்திய வருஷக் கடைசியில். சேவூரில் அரைக்கால் சட்டை போட்ட எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாததனாலேயே அது பரிசுத்தமாகிவிடுமா? அறியாமை எங்களுடையது, ஆட்டத்தினுடையது அல்ல. நம்முடைய பால்யத்தின் களங்கமின்மையை அந்தக் கேசட்டின் தலையில் கட்டி, 'அது களங்கமில்லாத ஆட்டம்' என்று சாதிக்கிறோம்.

பால்யமாவது களங்கமில்லாமல் இருந்ததா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை அதுவும் இல்லை. மணிக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கிக்கொண்டு ஆட விடுகிற கடையில்தான் நான் இந்த ஆட்டத்தைப் பழகினேன். படம் கலங்கிவிட்டால் கேசட்டைப் பிடுங்கி, வாயால் ஊதி, மறுபடி சொருகுவோம். அந்த ஊதலைப் பற்றி இன்று தேனொழுகப் பேசுகிறார்கள். காசு எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. எங்கள் பக்கம் கடலை விளைகிற பூமி. கடலை விற்றுவிட்டு வந்த அப்பா சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நோட்டை நான் எடுத்தேன். ஒரு தடவை அல்ல. அவர் எண்ணிப் பார்த்து, குறைகிறதே என்று அம்மாவிடம் கேட்டு, அம்மா 'நான் எடுக்கலைங்க' என்று சொன்னது திண்ணையில் உட்கார்ந்திருந்த என் காதில் விழுந்தது. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இன்று என் மகன் விளையாட்டுக்காக என் கணக்கிலிருந்து ஐந்நூறு ரூபாயைத் தட்டிவிட்டால், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்' என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பிறகு, அந்த முப்பது உயிர்! ஆட்டத்தில் நமக்குக் கொடுப்பது மூன்றே உயிர். ஆரம்பத்தில், மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம் என்று பொத்தான்களை ஒரு வரிசையில் அமுக்கினால் மூன்று முப்பதாகிவிடும். கஸுஹிஸா ஹஷிமோட்டோ என்பவர் 1986-ல் கிரேடியஸ் என்ற வேறோர் ஆட்டத்துக்காகச் செய்த குறுக்கு வழி அது. தாமே செய்த ஆட்டம் தமக்கே கடினமாக இருந்ததால் இப்படி ஒரு சந்தைப் புகுத்திக்கொண்டாராம். 2020-ல் அவர் காலமானபோது உலகமெங்கும் பத்திரிகைகள் அந்தப் பொத்தான் வரிசையை எழுதி அஞ்சலி செலுத்தின. இணையமில்லாத காலத்தில் அது எங்கள் ஊர் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். கோயமுத்தூரிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பையன் எனக்குச் சொன்னான். அதற்கு நான் ஒரு பென்சில் பெட்டியைத் தட்சிணையாகக் கொடுத்தேன். நாம் செய்த தில்லுமுல்லுக்குப் பெயர் மலரும் நினைவு. மகன் செய்தால் அது ஏமாற்று!

துப்பாக்கியைப் பற்றிப் பெரியவர்களுக்கு எப்போதும் ஒரு வெட்கம் இருந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அந்த வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் செய்கிற காரியங்கள் இருக்கின்றனவே! இதே காண்ட்ராவை ஐரோப்பாவில் வீட்டுப் பெட்டிக்கு விற்றபோது, மனிதனை மனிதன் சுடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாகாது என்று, சுடுகிறவனையும் சுடப்படுகிறவனையும் இயந்திரங்களாக மாற்றினார்கள். பெயரையும் புரோபோடெக்டர் என்று மாற்றினார்கள். துப்பாக்கி அதே துப்பாக்கி. நம் தேசத்துக் கதை இதற்கு இளைத்ததல்ல. 2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய அரசாங்கம் 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் அதில் போயிற்று. அன்று தகப்பன்மார்கள் கொண்டாடிய கொண்டாட்டம் எனக்கு நினைவிருக்கிறது. பிள்ளைகள் கெட்டுப் போகிறார்களே என்று டில்லி கண்ணீர் விட்டதாக நினைத்துக்கொண்டார்கள். உத்தரவில் சொல்லியிருந்ததோ தேசத்தின் பாதுகாப்பு, ஜனங்களின் தகவல்கள் பற்றி. துப்பாக்கியைப் பற்றி யாருக்கு என்ன கவலை! அடுத்த வருஷம் ஜூலை 2-ல் அதே ஆட்டம் பாட்டில்கிரவுண்ட்ஸ் என்ற பெயரில் திரும்பி வந்தது. என்ன மாறிற்று? இரத்தம் பச்சையாயிற்று. 2022 ஜூலையில் மறுபடி எடுத்தார்கள். 2023 மே மாதம் மறுபடி விட்டார்கள். ஆக, மகனுடைய ஆட்டமும் ஒரு மறு வெளியீடுதான்!

ஜெர்மனியில் நடந்தது இன்னும் வேடிக்கை. டூம் என்ற துப்பாக்கி ஆட்டம் 1993 டிசம்பர் 10-ல் வந்தது. அதற்கு முதல் நாள்தான் அமெரிக்க செனட்டில் வீடியோ விளையாட்டுக்களின் கொடூரத்தைப் பற்றி விசாரணை நடந்தது. ஜெர்மனி அந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்கு ஆகாத பண்டங்களின் பட்டியலில் 1994-ல் சேர்த்தது; 2011-ல் எடுத்துவிட்டது. ஏன்? படம் பழையதாகிவிட்டது, இனி அதற்குச் சரித்திர மதிப்புத்தான் என்றார்கள். நஞ்சுக்கு வயதாகிவிட்டால் மருந்து என்று பெயர் போலிருக்கிறது! அந்த டூமும் 2024 ஆகஸ்டில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்திருக்கிறது. என் நண்பர் சொல்கிற 'அது வேற, இது வேற' என்பதும் இதே தத்துவந்தான்.

திருப்பூர்ப் பக்கத்து மனிதர் இதில் ஏமாறுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழமையை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? புத்தம் புதுத் துணி. நேற்றுத்தான் நூலாக இருந்தது. அதை என்சைம் வாஷ் போட்டு, சாயத்தை வெளுக்க வைத்து, விளிம்பைத் தேய்த்து, பத்து வருஷம் யாரோ உடுத்தியது போல ஆக்கி, புதுத் துணியைவிடக் கூடுதல் விலைக்குக் கப்பலேற்றுகிறோம். வாங்குகிறவன் கொடுக்கிற அதிகப் பணம் துணிக்கு அல்ல; தான் வாழாத பத்து வருஷத்துக்கு. அந்தச் சூட்சுமத்தைக் கொட்டகையில் தினமும் பார்க்கிறவர், தம் பால்யத்தை யாரோ வாஷ் போட்டுத் தம்மிடமே விற்கும்போது தெரிந்துகொள்ள வேண்டாமா? தெரிந்தே வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் வாங்குவேன். அதை வாங்கியதும் ஒரு தர்மாவேசம் வருகிறதே, அதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

நான் மறு வெளியீட்டுக்கு விரோதி என்று தயவு செய்து நினைத்துவிடாதீர்கள். நாவல் எழுதிப் பிழைக்கிறவன், மறுபதிப்புக்கு எதிராகப் பேசினால் என் பதிப்பாளரே சிரிப்பார். ஒரு புத்தகம் கடையில் கிடைக்காமல் போவது எப்படிப்பட்ட மரணம் என்று எனக்குத் தெரியும். விளையாட்டுக்களின் கதி இன்னும் மோசம். 2010-க்கு முன்னால் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுக்களில் 87 சதவிகிதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று அங்கே வீடியோ விளையாட்டு வரலாற்று அமைப்பு ஒன்று 2023-ல் கணக்கெடுத்துச் சொல்லிற்று. ஆகவே பழைய ஆட்டம் பழைய மேனிக்கே திரும்பி வருவது நல்லது. எனக்கு அது நல்லதாகப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஞாபகம் பொய் சொல்லும், ஆட்டம் சொல்லாது. கேசட் கெட்டுப் போய்க் குப்பைக்குப் போயிருந்தால், நாம் புல்லாங்குழல் ஊதிக் கன்று மேய்த்த கதையைப் பிள்ளைகளிடம் விட்டுக்கொண்டே இருக்கலாம். சாட்சி உயிரோடு திரும்பி வந்து டெலிவிஷனில் நிற்கும்போதும் விடலாமா?

'அப்படியானால் பையன் ராப்பகலாய் ஆடட்டும் என்கிறாயா?' என்று நண்பர் கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம் துப்பாக்கியில் இல்லை என்கிறேன். காண்ட்ரா முடியும். கெட்டிக்காரன் அரை மணியில் முடித்துவிடுவான். முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். மகனுடைய ஆட்டத்துக்கு முடிவு கிடையாது. முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டது அது. இன்று வந்தால் ஒரு பரிசு, நாளை வந்தால் இன்னொன்று, வராவிட்டால் நஷ்டம். துப்பாக்கிக்கு வர்ணம் பூசப் பணம், ஆட்டக்காரனுக்குச் சட்டை வாங்கப் பணம். 2021-ல் அது திரும்பி வந்தபோது, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பரம கருணையோடு ஒரு வரம்பு கட்டினார்கள்: நாளொன்றுக்கு 3 மணி நேரம், 7000 ரூபாய். நாளொன்றுக்கு ஏழாயிரம்! நண்பரின் கொட்டகையில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண் வாரம் முழுக்கக் குனிந்து தைத்தாலும் அந்தத் தொகை கைக்கு வராது. கோபப்பட வேண்டுமானால் அங்கே கோபப்படுங்கள். அந்தக் கடையைக் கட்டினவர்கள் பெரியவர்கள். நம்மைப் போல் நாற்பது வயதுக்காரர்களும் அதில் இருப்பார்கள். நாமோ பையனைப் பிடித்துக்கொண்டு 'ரத்தம், கொலை, துப்பாக்கி' என்று உபந்நியாசம் செய்கிறோம். அவன் நம் டெலிவிஷனைப் பார்க்கிறான். நம் உபந்நியாசத்தையும் கேட்கிறான். இரண்டில் ஒன்று பொய் என்பது அவனுக்குத் தெரிந்துபோகிறது. அதற்குப் பிறகு, அந்த ஏழாயிரம் ரூபாய்க் கடையைப் பற்றி நாம் உண்மையைச் சொன்னாலும் அவன் நம்பப் போவதில்லை. எனக்குப் பயம் அதுதான்.

வாசகர்களும் சற்று நினைத்துப் பார்க்கலாம். நாவல் படிக்கிற பெண் குடும்பத்துக்கு உதவ மாட்டாள் என்று சொன்ன தாத்தாக்கள் நம் வீடுகளில்தான் இருந்தார்கள். அவர்களே பாரதத்தில் சூதாட்டச் சருக்கத்தை ராகம் போட்டுப் படித்தார்கள்.

சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. என் வாதத்தினால் முடியவில்லை. நண்பர் மூன்று உயிரையும் முதல் கட்டத்திலேயே இரண்டு தடவை பறிகொடுத்தார். கை பழைய கை இல்லை. இருபது வருஷம் கட்டிங் மெஷின் பிடித்த கை. முப்பது உயிர் வாங்கலாமென்றால் பொத்தான் வரிசை அவருக்கு மறந்து போயிருந்தது. எனக்கும் பாதியில் குழப்பம். உள்ளேயிருந்து காப்பி கொண்டு வந்த தங்கச்சி, "ரெண்டு பேரும் சண்டை போடறதை விட்டுட்டு ஆடித் தொலையுங்க, அண்ணா" என்றாள். பையன் எழுந்து வந்தான். தகப்பன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கிப் படபடவென்று என்னவோ அமுக்கினான். உயிர் முப்பதாயிற்று.

"உனக்கெப்படிடா தெரியும்?"

"அதெல்லாம் தெரியுமுங்க" என்றான். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது கட்டம் நீர்வீழ்ச்சி. பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். அதில் ஒரு சங்கடம்: ஒருவன் முந்தி ஏறினால் திரை அவனோடு மேலே போய்விடும்; கீழே நிற்பவன் அப்படியே செத்துப் போவான். நண்பர் விடுவிடுவென்று ஏறினார். பையன் செத்தான். மறுபடி ஏறினார். மறுபடியும் செத்தான்.

"அப்பா, நீங்க மேல போனா நான் சாகறேன். கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினான்.

நண்பர் நின்றார். அதற்குள் மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்து அவர் தலையில் விழுந்தது.